கைக்குட்டை உலர்த்தி

அக்டோபர் 14, திங்கள்

இன்று மேனகாவை மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் முட்டி போட வைத்தார்கள். கொடியில் அவளுடைய உள்ளாடை துண்டுக்கு வெளியே நான்கு விரல் அளவு தெரிந்ததாம். அதுதான் குற்றம்.

எங்கள் விடுதியில் அது சட்டம். உள்ளாடையைக் கொடியில் போட்டு, அதன் மேல் துண்டையோ சுடிதாரையோ போர்த்த வேண்டும். மாடிக்கு மேற்கே பள்ளிக் கட்டடம். அதன் மூன்றாவது மாடியில் பையன்களின் பத்தாம் வகுப்பு. அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

"எதுக்கு இங்க காயப் போடற? நேரா பசங்க கிளாஸ் ஜன்னல்லயே கொண்டு போயி கட்டிட்டு வா, போ!" என்று வார்டன் சுலோச்சனா கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது என் வாயில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

துண்டுக்கு அடியில் எதுவும் காயாது. மழை மாதத்தில் கேட்கவே வேண்டாம். நூற்றிருபது பேரும் ஈரத்தையே உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போகிறோம்.

இதைக் கடைசிக் குளியலறையில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்து மணிக்கு மேல் இங்கே மட்டும்தான் விளக்கு எரியும். போன மாதம் ஒரு பத்தாம் வகுப்பு அக்காவின் டைரி வார்டனிடம் சிக்கியது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். அந்த அக்கா அடுத்த வாரமே டிசி வாங்கிப் போய்விட்டார். நான் இங்கே மெரிட் சீட்டில் படிக்கிறேன். எனக்கு டிசி கொடுத்தால் அம்மா என்னை வேறு எங்கே சேர்ப்பார்?

செருப்புச் சத்தம். நிறுத்துகிறேன்.

அக்டோபர் 15

மேனகாவுக்கு இடுப்பைச் சுற்றி, எலாஸ்டிக் படும் இடமெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது. முதலில் அரிக்கும், பிறகு எரியும். பெஞ்சில் சாய்ந்தால் உயிர் போகும். சொறிந்தால் நீர் கசியும், அது துணியில் ஒட்டிக்கொள்ளும். மேனகா சொன்னாள்.

அக்டோபர் 17, வியாழன்

மாவட்ட அளவில் வடிவமைப்புப் போட்டி வருகிறது. அறிவியல் எடுக்கும் தனசேகர் சார் இன்று வகுப்பில் சொன்னார். அன்றாட வாழ்க்கையில் இருக்கும் ஒரு தொல்லைக்கு நாமே ஒரு பொருள் செய்ய வேண்டும். ஐம்பது மதிப்பெண். அதில் பாதி பொருளுக்கு. மீதி பாதி அதைச் செய்த கதைக்கு.

"முதல் நாள் யோசனையிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு நோட்டுல எழுதிட்டே வரணும். தேதி போடாத பக்கம் செல்லாது. தப்பா வரைஞ்சா ரப்பர் போடாதீங்க, ஒரே ஒரு கோடு போட்டு அடிங்க. பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. எது சரியா வரலையோ அதைத்தான் விவரமா எழுதணும். ஏன் வரலைன்னு எழுதணும். புரியுதா? ஜெயிச்சதை எவன் வேணாலும் காட்டுவான். தோத்ததைக் காட்டறவன்தான் அதைச் செஞ்சவன்."

சார் இப்படிப் பேசும்போது எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

இந்தக் குளியலறையின் ஜன்னலில் கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். காற்று வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு வருடமாக இதன் அடியில் உட்கார்ந்திருக்கிறேன், இன்றுதான் பார்த்தேன்.

உள்ளாடையைத் துண்டால் மூடுவதற்குப் பதில், இப்படிச் சாய்வுப் பட்டைகள் கட்டிய கூடு ஒன்றுக்குள் தொங்கவிட்டால்?

அக்டோபர் 19, சனி

சாரிடம் யோசனையைச் சொன்னேன். "நல்லாருக்கே. எதைக் காயப் போட?" என்றார்.

சார் ஆண். பக்கத்தில் இரண்டு பையன்கள் நின்றார்கள்.

"கைக்குட்டை சார்" என்றேன்.

"கைக்குட்டைக்கு மாளிகை கட்டப் போறியா?" என்று சிரித்தார். "சரி, கட்டு."

புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அதையே எழுதினேன். 'கைக்குட்டை உலர்த்தி. தொல்லை: விடுதியில் கைக்குட்டைகள் சரியாகக் காய்வதில்லை.' தேதி போட்டேன். கீழே அழகாகக் கோடும் போட்டேன்.

அக்டோபர் 23, புதன்

இப்போது என்னிடம் இரண்டு நோட்டுகள். பகலில் எழுதுவது ப்ராஜெக்ட் நோட்டு. அதில் கைக்குட்டை. இரவில் எழுதுவது இது.

முதல் முயற்சி, துளை போட்ட அட்டைப் பெட்டி. மூன்று மணி நேரம் கழித்தும் உள்ளே ஈரம். பெட்டியே நனைந்து தொய்ந்துவிட்டது. இரண்டாவது, பிளாஸ்டிக் ஃபைல் உறையைப் பட்டைகளாக வெட்டி நேராகத் தொங்கவிட்டேன். காற்றடித்ததும் எல்லாம் முறுக்கிக்கொண்டு உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவது, பட்டைகளைப் படுக்கையாகக் கட்டினேன். மேலே பனித்தண்ணீர் தேங்கியது. உள்ளே வெயில் விழவே இல்லை.

ப்ராஜெக்ட் நோட்டில் மூன்றையும் வரைந்து, ஏன் வரவில்லை என்று எழுதினேன். கைக்குட்டையை ஆய்வகத் தராசில் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடை பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் காய்ந்தது. ஆனால் நிஜத்தில் காய வேண்டியது கைக்குட்டை இல்லையே. எலாஸ்டிக் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியும் ஈரமாக இருந்தது. அதைத் தராசில் வைக்க முடியாது. விரலால் அமுக்கிப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

நான்காவது முயற்சி. இரண்டு பக்கமும் பட்டைகளை நன்றாகச் சாய்த்தேன். எதுவும் தெரியவில்லை. எதுவும் காயவும் இல்லை.

கோபத்தில் அதை உதைத்தேன். பிறகு அப்படியே மாடியில் உட்கார்ந்திருந்தபோது என் நிழலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு காலை ஏழு முதல் மதியம் ஒன்று வரை, மணிக்கு ஒரு தடவை நிழல் விழும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். இந்த மாதத்தில் வெயில் தென்கிழக்கிலிருந்து வருகிறது. பையன்களின் ஜன்னல் மேற்கே. வெயில் வரும் திசை வேறு, கண் வரும் திசை வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து இத்தனை நாள் எல்லாப் பக்கத்தையும் மூடிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மேனகா பள்ளிக் கட்டடத்தின் மூன்றாவது மாடிப் படிக்கட்டுக்குப் போனாள். நான் கூட்டுக்குள் சிவப்புக் கைக்குட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் பட்டைகளைத் திருப்பினேன். தெரிந்தால் ஒரு கையைத் தூக்க வேண்டும், தெரியாவிட்டால் இரண்டு கை. பதினோரு தடவை ஒற்றைக் கை. பன்னிரண்டாவது தடவை இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். திரும்பி வந்து, "நான் குதிச்சதை வாட்ச்மேன் பாத்துட்டாருடி. என்னாச்சும்மா, எறும்பு கடிச்சுதாங்கறாரு" என்றாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அப்பா வரவில்லை. அவர் வேலை செய்யும் போர்வெல் லாரி ஒடிசாவில் நிற்கிறதாம். அம்மா பண்டிகைக்கு ஒரு நாள் மட்டும் தறிக்கு லீவு போட்டார்.

"என்ன சாமி, ஒரு மாதிரி நடக்கற?" என்று கேட்டார்.

"செருப்பு கடிக்குது" என்றேன்.

நவம்பர் 6, புதன்

ஐந்தாவதில் கிளிப்பின் கனத்துக்குப் பட்டைகள் வளைந்தன. ஆறாவதில், மெஸ்ஸுக்குப் பின்னால் கிடந்த உடைந்த பிளாஸ்டிக் கதவிலிருந்து பட்டை எடுத்தேன். வளையவில்லை, ஆனால் இடைவெளி போதாமல் எலாஸ்டிக் காயவில்லை. ஏழாவதில் பட்டைக்குப் பட்டை நான்கு விரல் இடைவெளி. மேற்குப் பக்கம் இறுக்கம், தென்கிழக்கு திறப்பு. ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப், இடுப்புப் பகுதி விரிந்து தொங்கும்படி.

இரண்டு மணி பத்து நிமிடம். அமுக்கிப் பார்த்தேன். மொறமொறவென்று காய்ந்திருந்தது. மேனகா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

நவம்பர் 8, வெள்ளி

சார் ப்ராஜெக்ட் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இந்த ஸ்கூல்ல யாரும் இப்படி ஒரு நோட்டு எழுதினதில்ல" என்றார். நிழல் படத்தை இரண்டு தடவை பார்த்தார். கரஸ்பாண்டெண்ட் ஐயாவிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப் போனார்.

சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

நவம்பர் 11, திங்கள்

பேனாவை அழுத்திப் பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும், வரட்டும்.

கரஸ்பாண்டெண்டின் பேத்தி ஹர்ஷிதா ஒன்பது 'ஏ' பிரிவில் படிக்கிறாள். போட்டிக்கு அவள் போகிறாளாம், என் உலர்த்தியோடு. நான் 'உதவிக்கு' கூடப் போக வேண்டும்.

"ஒரு ஸ்கூலுக்கு ஒரு என்ட்ரிதான். ஹர்ஷிதா இங்கிலீஷ்ல நல்லா பேசுவா. உன்னால முடியுமா, சொல்லு?" என்றார் சார்.

"நான்தான சார் செஞ்சேன்."

"செஞ்சது ஸ்கூல்தாம்மா. இடம் யாருது? தராசு யாருது? அந்தக் கதவு யாருது?"

உடைந்து குப்பையில் கிடந்த கதவுக்குக்கூட இவர்களிடம் பட்டா இருக்கிறது.

நான் அழவில்லை. சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ மெரிட் சீட்ல இருக்க. நான் சம்பளத்துல இருக்கேன். ரெண்டு பேரும் அதை மறக்கக் கூடாது."

நவம்பர் 12

அதோடு முடியவில்லை. நோட்டு ஹர்ஷிதாவின் கையெழுத்தில் இருக்க வேண்டுமாம். தினமும் மாலைப் படிப்பு நேரத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, அவள் எழுத வேண்டும். பழைய தேதிகளைப் போட்டு.

நான் தோற்ற தேதிகள். அவள் அந்தத் தேதிகளில் எங்கே இருந்தாள்?

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினமாம். ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். என்னுடையதைச் சாக்கடையில் போட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

இன்று நான்காவது முயற்சியைச் சொல்ல ஆரம்பித்தபோது சார் வந்தார். "ஆறு தோல்வி எதுக்கு? பார்க்கறவங்க இந்த ஸ்கூல் புள்ளைக்கு மண்டை வேலை செய்யலயான்னு கேப்பாங்க. மூணு போதும்."

தோற்றதைக் காட்டுகிறவன்தான் செய்தவன் என்று சொன்ன அதே வாய்.

நிழல் படமும் வேண்டாமாம். அதில் விடுதி மாடியும் பையன்கள் ஜன்னலும் இருக்கின்றன. "தேவையில்லாத கேள்வி வரும்." மேனகா கை தூக்கியதையும் எடுக்கச் சொன்னார். எடுக்க எடுக்க, ஒரு பெண் ஒரு நாள் காலையில் எழுந்தாள், உலர்த்தியைக் கட்டினாள், கைக்குட்டை காய்ந்தது என்று ஆகிவிட்டது. பொய்க்கு இவ்வளவு அழகான கையெழுத்து.

ஹர்ஷிதா பேனா நுனியைக் கடித்துக்கொண்டு, "மேற்குப் பக்கம் மட்டும் எதுக்கு மூடியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீதான கண்டுபிடிச்ச? நீயே சொல்லு" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. சிவக்கட்டும். அவள் வீட்டில் துணி காய மெஷின் இருக்கும்.

நவம்பர் 18, திங்கள்

"சார், என் நோட்டு வேணும்" என்றேன்.

"எந்த நோட்டு?" என்றார்.

அவ்வளவுதான். எந்த நோட்டு. விடைத்தாள் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல்.

நவம்பர் 19, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. நேற்றிலிருந்து ஒன்றையே யோசிக்கிறேன். நோட்டு கிடைத்திருந்தாலும் அதில் என்ன இருக்கிறது? முதல் பக்கத்தில் நானே எழுதியது: 'கைக்குட்டை'. அந்தப் பொய்யை அவர்கள் எழுதவில்லை, நான் எழுதினேன். தேதி போட்டு, கோடு போட்டு எழுதினேன். ஒன்றையும் ரப்பர் போட்டு அழிக்காமல், ஒரு பக்கத்தையும் கிழிக்காமல், அவ்வளவு ஒழுங்காக எல்லாவற்றையும் எழுதிவிட்டு, எதற்காகச் செய்தேன் என்பதை மட்டும் மறைத்தேன். அதனால்தான் அவர்களால் இவ்வளவு சுலபமாகத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதுமே.

அவர்கள் மேல் வரும் கோபத்தைவிட இது அதிகமாக எரிகிறது.

நவம்பர் 22, வெள்ளி

மேனகா வீட்டுக்குப் போய்விட்டாள். காய்ச்சல் என்று விடுதிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. இடுப்பில் சீழ் வைத்துவிட்டது. வார்டன் அவள் அம்மாவிடம், "சரியா குளிக்கறதில்லைங்க உங்க பொண்ணு" என்றார். மேனகா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். போகும்போது என்னிடம், "யாருகிட்டயும் சொல்லிறாதடி. செத்துருவேன்" என்றாள்.

ஏழாவது உலர்த்தி ஆய்வகப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. போட்டிக்கு முன்னால் அழுக்காகிவிடக் கூடாதாம்.

நவம்பர் 25

ஹர்ஷிதா கடைசிப் பக்கத்தை எழுதி முடித்தாள். 'நன்றி' என்ற தலைப்பில் தாத்தா, முதல்வர், தனசேகர் சார். பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உன் பேரைப் போட்டா தாத்தா நோட்டையே கிழிச்சுருவாரு" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

நவம்பர் 28, வியாழன்

விளக்கு எரிகிறதோ இல்லையோ, இன்று எழுதியே ஆக வேண்டும்.

போட்டி ஒரு கல்லூரி அரங்கில். வரிசையாக மேசைகள். எங்கள் மேசையில் உலர்த்தி, அதில் நான்கு வெள்ளைக் கைக்குட்டைகள், இஸ்திரி போட்டவை. ஹர்ஷிதா கோட்டு போட்டிருந்தாள். நான் ஸ்குரூ டிரைவரோடு பின்னால் நின்றேன். இந்த டைரி என் பையில், தோளில். விடுதியில் விட்டு வரப் பயம்.

நடுவர் ஒரு அம்மா. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். நோட்டைப் புரட்டினார். ஹர்ஷிதா மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"கைக்குட்டை நாற்பது நிமிஷத்துல காயும்னு நீயே எழுதியிருக்க. அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய இடைவெளி?"

ஹர்ஷிதா சாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு கைக்குட்டைக்கு ரெண்டு கிளிப் எதுக்கு? அதுவும் இழுத்து விரிச்சு?"

"காத்து... காத்து போக மேம்."

"சரி. இந்தப் பக்கம் திறந்திருக்கு, அந்தப் பக்கம் இறுக்கமா மூடியிருக்கு. கைக்குட்டைக்கு மேற்குல யாரு எதிரி?"

தனசேகர் சார் முன்னால் வந்தார். "தூசிக்காக மேடம்."

"தூசி மேலருந்துல்ல விழும்? மேல திறந்து கிடக்கே."

சார் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு நடுவர் நோட்டை மூடுவதைப் பார்த்தேன். அவர் அடுத்த மேசைக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது, ஏழு முயற்சியும் ஒரு கைக்குட்டைக்காக என்று முடியப்போகிறது.

"ஜட்டி காயப் போட மேடம்" என்றேன்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. நான்கு மேசை தள்ளி நின்றவர்கள் திரும்பினார்கள். ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். சார் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் ஸ்குரூ டிரைவரை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னேன். எங்கள் விடுதியில் வெளியே தெரிந்தால் முட்டி போட வைப்பார்கள். துண்டுக்கு அடியில் காயாது. மேற்கே பையன்கள் ஜன்னல். எலாஸ்டிக் காய இந்த இடைவெளி வேண்டும். முதலில் அட்டைப் பெட்டி, அக்டோபர் இருபது. இரண்டாவது ஃபைல் உறை. மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன்.

"இதைச் செஞ்சது யாரு?" என்றார் நடுவர்.

"நான்."

ஹர்ஷிதா தரையைப் பார்த்தபடி, "ஆமா மேம். அவதான் பண்ணா" என்றாள். அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டுமா? மாட்டேன். இரண்டு வாரம் என் தேதிகளைத் தன் கையெழுத்தில் எழுதியவள்.

"நீ சொன்னதுக்கெல்லாம் எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று நடுவர் என்னைக் கேட்டார்.

பை என் தோளில் இருந்தது. கையை உள்ளே விட்டால் போதும். எல்லாம் இருக்கிறது. மேனகாவின் இடுப்பும் இருக்கிறது.

"இல்லைங்க மேடம்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். "அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. இந்த நோட்டு உன்னோடது இல்ல. இந்தப் பொருள் அந்தப் பொண்ணோடது இல்ல." எங்கள் பதிவைத் தாளில் ஒரு கோடு போட்டு அடித்தார். ஒரே ஒரு கோடு.

வேனில் திரும்பி வந்தோம். இறங்கும்போது சார், "அம்மாவை வரச் சொல்லியாச்சு. திங்கக்கிழமை" என்றார்.

நவம்பர் 29

பெட்டி சோதனை. எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார்கள். டைரியைச் சட்டைக்குள் இடுப்பில் கட்டியிருந்தேன். எரிச்சல் தாங்க முடியவில்லை. கிடைக்கவில்லை அவர்களுக்கு.

டிசம்பர் 1, ஞாயிறு

நாளைக்கு அம்மா வருவார். வந்ததும் முதல் அடி எங்கே விழும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். டிசி கொடுத்தால் ஒன்பதாம் வகுப்போடு சரி. பக்கத்து வீட்டு அக்கா பத்தோடு தறிக்குப் போனார். நான் அதற்கும் முன்னால்.

டிசம்பர் 2, திங்கள், மதியம்

பஸ்ஸில் எழுதுகிறேன். குலுக்குகிறது. அம்மா பக்கத்தில் இருக்கிறார். மறைக்கவில்லை.

அலுவலகத்தில் கரஸ்பாண்டெண்ட், தனசேகர் சார், வார்டன் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தறியிலிருந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு.

"உங்க பொண்ணு சபையில அசிங்கமா ஒரு வார்த்தை பேசி, பள்ளிக்கூடத்து மானத்தையே வாங்கிட்டா" என்றார் கரஸ்பாண்டெண்ட்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன வார்த்தைங்க?" என்றார்.

கரஸ்பாண்டெண்ட் சாரைப் பார்த்தார். சார் வார்டனைப் பார்த்தார்.

"அது... சொல்ற மாதிரி வார்த்தை இல்லைங்க" என்றார் சார்.

"கெட்ட வார்த்தைங்களா? யாரையாவது திட்டிப்போட்டாளா?"

"திட்டலை. ஒரு... ஒரு துணியோட பேரு."

"துணி பேராங்க? துணி பேருல என்னங்க அசிங்கம்? நாங்க நெய்யறதே துணிதானுங்களே." அம்மாவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "என்ன வார்த்தைன்னு சொன்னாத்தானுங்க நான் இவளை அடிக்க முடியும்?"

மூன்று பெரியவர்கள், ஒரு வார்த்தை, ஒருவராலும் முடியவில்லை. வார்டன் கடைசியில் அம்மாவின் காதருகே குனிந்து முணுமுணுத்தார். அம்மா நிமிர்ந்தார்.

"ஜட்டிங்களா?"

கரஸ்பாண்டெண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுக்காகவா ஒரு நாள் வேலையை விட்டுட்டு வரச் சொன்னீங்க?"

கரஸ்பாண்டெண்ட் கோபத்தில் மேசையைத் தட்டினார். நான் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், இல்லையென்றால் டிசி. "என்ன செஞ்சேன்னு முழுசா, விவரமா எழுதணும். பேரு, தேதி, கையெழுத்து. பின்னால நாங்க பொய் சொன்னோம்னு யாரும் சொல்லக் கூடாது பாரு."

விவரமாக. பேர். தேதி. கையெழுத்து. என் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

வெளியே கிளார்க் சாந்தாமணியின் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரை மணி நேரம். நான்கு பக்கம். அக்டோபர் பதினான்கில் ஆரம்பித்தேன். என்ன தொல்லை, எதற்காகச் செய்தேன், ஏழு முயற்சிகள், ஒவ்வொன்றும் எந்தத் தேதி, ஏன் வரவில்லை. நிழல் படத்தையும் வரைந்தேன், ஜன்னலோடு. 'கைக்குட்டை என்று எழுதியது என் தவறு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்' என்று எழுதினேன். யாருக்கு நோய் வந்தது என்ற இடத்தில் மேனகாவின் பெயரை எழுதவில்லை. 'எனக்கு' என்று எழுதினேன். இடுப்பைச் சுற்றி, இரண்டு மாதமாக என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை.

அடியில் என் முழுப் பெயர், கோகிலவாணி, ஒன்பது 'பி'.

சாந்தாமணி அக்கா இருபது வருடமாக அந்த மேசையில் இருக்கிறாராம். அந்த அலுவலகத்துக்குள் வரும் எந்தத் தாளும் எண் போடாமல் மேலே போகக் கூடாது, பால்காரர் ரசீது உட்பட. கடிதத்தை வாங்கினார். படிக்கவில்லை. வரவுப் பதிவேட்டில் எழுதினார், 731. நான்கு பக்கத்திலும் டப் டப்பென்று முத்திரை குத்தினார்.

கரஸ்பாண்டெண்ட் உள்ளே இரண்டாம் பக்கம் வரை படித்தார். "இது மன்னிப்புக் கடிதமா? கிழிச்சுப் போடு!"

"வரவு போட்டாச்சுங்க ஐயா" என்றார் சாந்தாமணி அக்கா வாசலில் நின்றபடி. "கிழிச்சா ஆடிட்ல நம்பர் இடிக்குமுங்க."

"டிசி எழுது அப்ப!"

"எழுதலாமுங்க. காரணத்துக்கு இந்தக் கடுதாசியைத்தான் கூட வைக்கணும். கல்வி ஆபீசுக்கும் ஒரு பிரதி போகும்."

கரஸ்பாண்டெண்ட் கடிதத்தை மேசையில் வைத்தார். அப்போது அம்மா எழுந்தார். "எனக்கு ஒரு நகல் குடுத்துருங்க. முத்திரையோட. ரேசன் ஆபீசுல மனு குடுத்தாக்கூட நகல் வாங்காம நான் வாறதில்லைங்க."

விடுதியில் எனக்கு இனி இடமில்லை. பள்ளியில் ஆண்டுத் தேர்வு வரை இருக்கலாம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். உலர்த்தியைக் கேட்டேன். அது பள்ளிச் சொத்தாம். வைத்துக்கொள்ளட்டும், எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும்.

நகல் இப்போது அம்மாவின் மடியில் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "என்னதான் எழுதியிருக்க? படி" என்றார்.

படித்தேன். இடுப்பு வரும் இடத்தில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "செருப்புக் கடின்ன" என்றார். கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம்தான் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. என் மேலாகவும் இருக்கலாம். அம்மா கையை விட்டுவிட்டு, "ம், மேல படி" என்றார்.

அந்த வார்த்தை வந்தபோது பஸ்ஸில் கூட்டம் நிறைந்திருந்தது. முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் தானாக இறங்கியது.

"கேக்கல சாமி" என்றார் அம்மா. "சத்தமா."

சத்தமாகப் படித்தேன்.